திப்புவின் பிள்ளைகள், காரன்வாலிஸ், ஒரு ராமபாணத் துளை: பழைய அச்சுப்படம் ஒன்றைச் சரிசெய்த கதை

பின்பலகையைக் கழற்றியதும் முதலில் வந்தது அந்த வாசனை. ஓதம் ஏறிய அட்டையும் காய்ந்துபோன மைதாப் பசையும் பல வருஷம் ஒன்றாக அடைந்து கிடந்தால் வரும் புளித்த வாசனை. வேலூரில் பிரேம் கடை வைத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. இந்த வாசனை வந்தால் உள்ளே என்ன நடந்திருக்கும் என்று படத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். தாளின் முதுகு முழுக்கப் பசை தடவி அட்டையில் ஒட்டியிருப்பார்கள். பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் என்ற செம்பு உப்பைக் கலந்திருப்பார்கள். ஒவ்வொரு மழைக்கும் சுவர் ஈரத்தை அட்டை குடித்திருக்கும், அட்டையின் அமிலம் தாளுக்கு இறங்கியிருக்கும். இங்கே எல்லாமே நடந்திருந்தது. அந்தக் காலத்தில் இப்படித்தான் ஒட்டுவார்கள். எனக்குத் தொழில் தெரியாத வயதில் நானும் அப்படி ஒட்டியிருக்கிறேன்.

படத்தைக் கொண்டுவந்தவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். கிருஷ்ணகிரிப் பக்கம் அவருடைய மாமனார் வீட்டை இடிக்கப் போகிறார்களாம். கூடத்தில் மாட்டியிருந்த படத்தைப் பழைய வேட்டியில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். தாள் 17 அங்குல உயரம், 22 அங்குல அகலம். கறுப்பு மை மட்டும், வண்ணம் இல்லை. இடது பக்கம் கூடாரங்கள், பின்னால் யானைகள், தலைப்பாகை கட்டிய பெரியவர்கள். நடுவில் நீளக் கோட்டு போட்ட கனத்த உடம்புக்காரர் ஒருவர் கையை நீட்டி நிற்கிறார். அந்தக் கையைப் பிடித்தபடி ஒரு சிறுவன், பக்கத்தில் அவனைவிடக் கொஞ்சம் உயரமாக இன்னொருவன்.

"இது யாரு சார்?"

"காரன்வாலிஸ் பிரபு, தம்பி. ஆங்கிலக் கம்பெனியோட கவர்னர் ஜெனரல். பசங்க ரெண்டு பேரும் திப்பு சுல்தானோட பிள்ளைங்க. அப்துல் காலிக், முயிசுதீன். 1792 பிப்ரவரி 26. போரில் தோத்ததுக்குப் பிணையா பிள்ளைங்களை ஒப்படைக்கிறாங்க."

இருவருமே பத்து வயதைத் தாண்டாதவர்கள். ராமபாணப் பூச்சி சரியாக அந்தச் சின்னவன் மேல்தான் கை வைத்திருந்தது. அவன் அங்கியின் கீழ்ப்பாதியும் இரண்டு பாதங்களும் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. சுற்றிலும் புளியங்கொட்டை அளவில் இன்னும் மூன்று. இடது கீழ் மூலையில் தண்ணீர் ஏறி இறங்கிய பழுப்புக் கோடு. படம் முழுக்க மிளகு தூவியதுபோலப் பூஞ்சைப் புள்ளிகள். கீழ் ஓரத்தை எப்போதோ யாரோ பிரேமுக்குள் அடக்குவதற்காக வெட்டியிருந்தார்கள். அதனால் தலைப்பும் இல்லை, வரைந்தவர் பெயரும் இல்லை, அச்சிட்ட வருஷமும் இல்லை.

எதையும் தொடுவதற்கு முன்பு படம் எடுத்துக்கொள்வது என் வழக்கம். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டில் விளக்கு வைத்து ஒன்று. பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் தாள் எங்கெங்கே உப்பியிருக்கிறது, எங்கே பசை விட்டிருக்கிறது என்று தெரியும். அப்புறம் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். இதில் தெரிய வேண்டியது, மை தாளில் எப்படி விழுந்திருக்கிறது என்பது. வரிசை பிசகாத கட்டம் கட்டமான புள்ளிகள் என்றால் புகைப்பட பிளாக்கில் அச்சடித்த பிற்கால நகல். அதுவும் வழுவழுப்பான தாளாக இருந்தால் தண்ணீரே காட்டக் கூடாது, மேல்பூச்சு ஒட்டிக்கொண்டு போய்விடும். இங்கே புள்ளிகள் ஒழுங்கில்லாமல் இருந்தன. முகத்தில் நெருக்கமாக, அங்கியில் விலகி, நிழலில் சின்னச் சின்னக் கோடுகளோடு கலந்து கிடந்தன. செப்புத் தகட்டில் கையால் குத்திக் குத்திச் செதுக்கிய வேலை. மேல் ஓரத்தில் விரலை ஓட்டினால் தகடு அழுத்திய பள்ளமும் தட்டுப்பட்டது. தாளும் பூச்சில்லாத பருத்திக் கந்தல் தாள். ஆக, தண்ணீர் தாங்கும்.

லென்ஸை எடுக்காமல் காரன்வாலிஸின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் ஈட்டன் பள்ளியில் ஹாக்கி விளையாடும்போது கண்ணில் அடி பட்டு, அந்தப் பார்வைக் கோணல் கடைசிவரை இருந்தது என்று சார் சொன்னார். செதுக்கியவர் அதைக் காட்டவில்லை. இரண்டு கண்ணும் நேராக இருந்தன. அதுவும் மறுநாளிலிருந்து என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

அட்டையைப் பிரிப்பதுதான் இந்த மாதிரி வேலையில் பாதி. படத்தைக் குப்புறப் போட்டு, கீழே சுத்தமான ஒற்றுத்தாள். அட்டையை அறுவை பிளேடால் மெல்லிய படலம் படலமாக உரிக்க வேண்டும், எப்போதும் உலர்ந்த நிலையில். அட்டையைப் படத்திலிருந்து இழுக்கக் கூடாது. படம் தட்டையாகவே கிடக்க, அட்டையைத்தான் பின்னுக்கு மடித்து உரிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் படம் மடிந்து கோடு விழும். மூன்று நாள் காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் செய்தேன். அதற்குமேல் போனால் கை கனத்துவிடும்.

கடைசிப் படலம் உலர் பிளேடுக்கு வராது. அதற்கு மெத்தில் செல்லுலோஸ் கூழை உள்ளங்கை அளவு இடத்தில் பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி, பதினைந்து இருபது நிமிஷம் விட்டால் பழைய பசை இளகும். மழுங்கிய எலும்புக் கத்தியால் வழித்து எடுக்கலாம். மயில்துத்தம் கலந்த பசை என்பதால் வழித்தது லேசாகப் பச்சை பாய்ந்திருந்தது. கையுறை இல்லாமல் தொடக் கூடாது. அது விஷம் என்பது ஒரு பக்கம், அந்தச் செம்பு நாள்படத் தாளின் நாரையே அரிக்கும் என்பது இன்னொரு பக்கம். பூச்சியை விரட்டப் போட்ட மருந்து தாளைத் தின்றிருக்கிறது.

ஐந்தாம் நாள் தப்பு செய்தேன். வலது கீழ்ப் பக்கம் கூழ் பூசிவிட்டு, கடைக்கு வந்த ஒருவரிடம் கல்யாணப் பட அளவு பேசிக்கொண்டிருந்ததில் முக்கால் மணி ஆகிவிட்டது. தாள் ஊறி, வழிக்கும்போது தாளின் தோலும் சேர்ந்து எழும்பியது. நகக்கண் அளவு இடம், கூடார முளைக்குப் பின்புறம். உடனே கத்தியை வைத்துவிட்டேன். எழும்பிய நாரைத் தூரிகையால் படுக்க வைத்து, ஒற்றுத்தாளும் கண்ணாடியும் பாரமும் ஏற்றி அன்றைக்குக் கடையைச் சாத்தினேன். அந்த மாதிரி நேரத்தில் "இதை மட்டும் முடித்துவிடலாம்" என்று கை பரபரக்கும். அப்போதுதான் கிழியும். மறுநாள் பார்த்தபோது முன்பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

சாரிடம் அதைச் சொன்னேன். மறைக்கிற வழக்கம் இல்லை. அவர் கோபப்படவில்லை. "காரன்வாலிஸே முதல் தடவை திரும்பிப் போனவர்தான்" என்று உட்கார்ந்துகொண்டார்.

1791 தொடக்கத்தில் அவர் மதராஸிலிருந்து படையோடு கிளம்பி வேலூர் வந்திருக்கிறார். திப்பு அவரை ஆம்பூர்ப் பக்கக் கணவாய்களில் எதிர்பார்த்தார். காரன்வாலிஸ் அந்தப் பக்கம் போவதுபோலப் போக்குக் காட்டிவிட்டு, வடக்கே திரும்பி சித்தூர் வழியாக மொகிலி கணவாய் ஏறிவிட்டார். நாம் பலமனேருக்கு பஸ்ஸில் போகிற அதே ஏற்றம். மார்ச் 21 இரவு பெங்களூர்க் கோட்டை விழுந்தது. மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் அரக்கெரேயில் சண்டை, அதிலும் வெற்றி. ஆனால் மழை பிடித்துக்கொண்டது, தீனி இல்லாமல் மாடுகள் ஆயிரக்கணக்கில் செத்தன, சிப்பாய்களுக்கு அரிசி இல்லை. கோட்டை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்க, இழுக்க மாடில்லாத பெரிய பீரங்கிகளைத் தன் கையாலேயே உடைத்துப்போட்டுவிட்டுத் திரும்பினார். உதவிக்கு வர வேண்டிய மராட்டியப் படை திரும்பும் வழியில்தான் வந்து சேர்ந்தது.

"ஜெயிச்ச இடத்திலிருந்து பின்வாங்கினது அவருக்கு அது ரெண்டாவது தடவை" என்றார் சார். முதல் தடவை அமெரிக்காவில், அந்த நாட்டு விடுதலைப் போரில், 1781 மார்ச் 15, வட கரோலினாவில் கில்ஃபோர்ட் கோர்ட்ஹவுஸ். களம் அவர் கையில், ஆனால் படையில் கால்வாசிப் பேர் செத்தும் காயப்பட்டும் போனார்கள். சோறு இல்லாமல் கடற்கரைப் பக்கம் வில்மிங்டனுக்கு ஒதுங்கினார். அங்கிருந்து வர்ஜீனியாவுக்குப் போனதுதான் யார்க்டவுனில் கொண்டுபோய் நிறுத்தியது. அந்தக் கதையை அன்று முழுதாகச் சொல்லவில்லை. "நீ தண்ணியில போடுற அன்னிக்குச் சொல்லு, வந்துடறேன்" என்று போய்விட்டார்.

தண்ணீரில் போடுவதற்கு முன்பு செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிடவே கூடாது. பஞ்சைச் சுற்றிய குச்சியை நனைத்து, படத்தில் கண்ணுக்குப் படாத ஒரு கறுப்பு இடத்தில் வைத்து, மேலே ஒற்றுத்தாளை அழுத்திப் பார்க்க வேண்டும். மை ஒட்டினால் முழுக்காட்டக் கூடாது. நான்கு இடத்தில் பார்த்தேன். எண்ணெயில் அரைத்த அச்சு மை, அசையவில்லை. மேல் அழுக்கை உலர்ந்த நிலையிலேயே எடுத்தாயிற்று. பென்சில் ரப்பரைக் காய் துருவியில் துருவி, அந்தத் தூளைத் தாளின் மேல் விரல் நுனியால் வட்டமாக உருட்டினால் தூள் கறுத்து வரும். ஓட்டைகளின் ஓரத்தில் மட்டும் உருட்டக் கூடாது.

எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரைப் பழைய தாளுக்குக் காட்ட மாட்டேன், உப்பு அதிகம். பேட்டரி வாட்டர் இருபது லிட்டர் வாங்கிக்கொண்டேன். தட்டையான பிளாஸ்டிக் தொட்டி. ஈரத் தாளைக் கையால் தூக்கினால் தன் எடையிலேயே கிழியும் என்பதால் அடியில் புதுக் கொசுவலைத் துண்டு. முதலில் தண்ணீரும் கொஞ்சம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் கலந்து இரண்டு பக்கமும் தெளித்தேன். பழைய தாளில் சில இடம் உடனே குடிக்கும், சில இடம் தண்ணீரை உருட்டிவிடும். ஆல்கஹால் சேர்த்தால் எல்லா இடமும் ஒன்றாக நனையும். அப்புறம் வலையோடு மெதுவாக இறக்கினேன்.

ஐந்து நிமிஷத்தில் தாளின் ஓரத்திலிருந்து பழுப்பு நிறம் புகைபோலக் கிளம்பியது. அரை மணியில் தொட்டி முழுக்கக் கடுந்தேநீர் நிறம். எத்தனையோ தடவை பார்த்திருந்தும் இந்தக் காட்சி எனக்கு அலுத்ததில்லை. எத்தனை வருஷத்து அழுக்கோ, கேட்காமலே வெளியேறிக்கொண்டிருக்கிறது.

அந்த அரை மணியில்தான் சார் யார்க்டவுனைச் சொன்னார். 1781 ஆகஸ்டில் காரன்வாலிஸ் அங்கே போனது கப்பல்கள் நிற்க ஒரு துறைமுகம் கட்ட. முதுகில் ஆறு இருந்தது, கடற்படை தன்னுடையது, ஆகவே பயமில்லை என்று இருந்தார். செப்டம்பர் 5 அன்று பிரெஞ்சுக் கடற்படை வளைகுடாவின் வாயில் ஆங்கிலக் கப்பல்களைத் திருப்பி அனுப்பியது. தரையில் வாஷிங்டனும் பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவும் அவரைப்போல இரண்டு மடங்கு ஆட்களோடு வந்து சேர்ந்தார்கள். அக்டோபர் 9 முதல் குண்டு மழை. 14 இரவு இரண்டு காவல் மேடுகள் பறிபோயின. 16 இரவு படகில் ஆற்றைக் கடந்து தப்பிக்கப் பார்த்தார், புயல் படகுகளைக் கலைத்தது. 17 காலையில் மண்மேட்டின் மேல் ஒரு முரசடிக்கும் பையன் ஏறி நின்று, பேச்சுவார்த்தைக்கு அழைக்கும் தாளத்தை அடித்தான்.

"அங்கேயும் ஒரு பையன்" என்றேன்.

"ஆமாம். ஆனா பெரியவர் வரலை." 19ஆம் தேதி ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் ஆயுதத்தைக் கீழே போட்டபோது காரன்வாலிஸ் உடம்பு சரியில்லை என்று கூடாரத்திலேயே இருந்துவிட்டார். வாளைக் கொடுக்க ஓஹாரா என்ற துணைத் தளபதியை அனுப்பினார். துணைத் தளபதி வந்தால் தன் துணைத் தளபதியிடமே கொடுக்கட்டும் என்று வாஷிங்டன் பெஞ்சமின் லிங்கனைக் காட்டினார். முந்தின வருஷம் சார்ல்ஸ்டனில் ஆங்கிலேயரிடம் சரணடைந்தவர் அந்த லிங்கன்.

இன்னொன்றும் சொன்னார், இது எனக்கு ரொம்பப் பிடித்தது. காரன்வாலிஸ் லண்டன் கோபுரச் சிறையின் காவல் தலைவர் என்ற பதவியையும் வைத்திருந்தார். அவர் அமெரிக்காவில் பிடிபட்ட நேரத்தில் அந்தக் கோபுரத்தில் அமெரிக்கத் தலைவர் ஹென்றி லாரன்ஸ் கைதியாக இருந்தார். கடைசியில் இவருக்கு அவர் என்று இரண்டு பேரையும் பரிமாறிக்கொண்டார்கள். இத்தனைக்கும் 1766இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் மேல் எந்தச் சட்டமும் போட நாடாளுமன்றத்துக்கு உரிமை உண்டு என்ற மசோதாவை மேலவையில் எதிர்த்து ஓட்டுப் போட்ட ஐந்தே பேரில் அவரும் ஒருவர்.

மூன்று முறை தண்ணீர் மாற்றினேன். மூன்றாவது தண்ணீர் கிட்டத்தட்ட நிறமில்லை. கடைசியாகச் சுண்ணாம்புத் தெளிநீர். வெற்றிலைச் சுண்ணாம்பு அல்ல, ரசாயனக் கடையில் விற்கும் சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு. கரைத்து, ராத்திரி தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் இறுத்து, சம அளவு பேட்டரி வாட்டர் கலந்து, இருபது நிமிஷம். தாளில் மிச்சமிருக்கும் அமிலத்தை அது முறிக்கும். காயும்போது காற்றோடு சேர்ந்து நாருக்குள்ளேயே மெல்லிய சுண்ணாம்பாகத் தங்கி, இனி வரப்போகும் அமிலத்தையும் வாங்கிக்கொள்ளும். பூஞ்சைப் புள்ளிகள் முழுதாகப் போகவில்லை, மங்கின, அவ்வளவுதான். ப்ளீச் போட்டால் பளிச்சென்று ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. நான் போடுவதில்லை. அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும், அப்புறம் தாள் அப்பளமாக நொறுங்கும்.

காய வைப்பதற்கு ஒற்றுத்தாள், கம்பளி, கண்ணாடி, மேலே இரண்டு அரவைக்கல். முதல் நாள் இரண்டு மணிக்கு ஒரு தடவை ஒற்றுத்தாளை மாற்ற வேண்டும். ஒரு வாரம் அப்படியே கிடந்தது.

அந்த வாரத்தில் பசை காய்ச்சினேன். மைதா வேண்டாம். அதிலிருந்து பசையத்தைக் கழுவி எடுத்த கோதுமை மாவுச்சத்து மட்டும். ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, கை எடுக்காமல் முக்கால் மணி கிளற வேண்டும். முதலில் பாலாக இருக்கும், திடீரென்று கெட்டிப்படும், அப்புறம் கண்ணாடிபோலத் தெளியும். ஆறியதும் துணியில் இரண்டு தடவை வடிகட்டி, தண்ணீர் சேர்த்து மோர்க் கெட்டிக்குக் கொண்டுவர வேண்டும். துத்தம் கிடையாது. ஆகவே நான்கு நாளில் புளித்துவிடும், புளித்தால் கொட்டிவிட வேண்டும்.

கிளறும்போது பக்கத்தில் ஸ்டூல் போட்டு சார் உட்கார்ந்திருந்தார். காரன்வாலிஸ் 1786இல் கல்கத்தாவுக்கு கவர்னர் ஜெனரலாக வந்தார். ஆலோசனைக் குழுவின் முடிவைத் தள்ளிவிடும் அதிகாரமும் படைத் தலைமையும் சேர்த்துத் தந்தால்தான் போவேன் என்று சட்டத்தையே மாற்றவைத்துவிட்டு வந்தவர். கம்பெனிக் கலெக்டர்கள் சொந்த வியாபாரம் செய்வதை நிறுத்தி, ஒழுங்கான சம்பளம் கொடுத்தார். அந்த ஒழுங்கு அவர் காலத்துக்குப் பெரிய விஷயம்தான். அதே கையோடு வருஷம் 500 பவுண்டுக்கு மேல் சம்பளம் உள்ள வேலைகளை இந்தியர்களுக்கு இல்லாமல் அடைத்துவிட்டார். 1793இல் வங்காளம், பீகார், ஒரிசாவில் நிலையான நிலவரித் திட்டம். ஜமீன்தார் கட்ட வேண்டிய வரி என்றென்றைக்கும் ஒரே தொகை. குறித்த நாளின் சூரியன் மறைவதற்குள் கட்டாவிட்டால் ஜமீன் ஏலத்துக்குப் போகும். உழுகிறவனுக்கு நிலத்தில் இருந்த உரிமையைப் பற்றி உறுதியாக ஒரு வரி இல்லை. சாருக்கு அந்த இடத்தில் குரல் ஏறிவிட்டது. முப்பது வருஷம் அதைக் கரும்பலகையில் எழுதியவர்.

"இந்தப் படத்துல கை மாறினது பசங்க மட்டும் இல்லை தம்பி. எங்க மாமனார் ஊரும்தான்." திப்பு தன் ஆட்சிப் பகுதியில் பாதியை விட்டுக்கொடுத்தார், மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் கட்ட ஒப்புக்கொண்டார். அது தீரும்வரை பிள்ளைகள் பிணை. ஆங்கிலேயர் பங்கில் மலபார், குடகு, திண்டுக்கல், பாராமகால் எல்லாம் வந்தன. பாராமகால் என்றால் இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கம். அங்கே அலெக்ஸாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் விவசாயியிடமே நேராக வரி வாங்கும் முறையை நடத்திப் பார்த்தார்கள், அதுதான் பிற்பாடு ரயத்துவாரி. காரன்வாலிஸின் ஜமீன் முறையும் 1802க்குப் பிறகு மிட்டா என்ற பெயரில் அந்தப் பக்கம் வந்தது. அவர் படமும் கூடத்தில் தொங்கியிருக்கிறது.

இரண்டாவது தடவை அவர் ஸ்ரீரங்கப்பட்டணம் போனபோது அவசரப்படவில்லை என்பதையும் சொன்னார். எட்டு ஒன்பது மாதம் வழிக் கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, லம்பாடி வணிகர்களின் பொதிமாடுகளில் தானியம் வருவதை உறுதி செய்துகொண்டு, 1792 பிப்ரவரி 6 இரவு தாக்கினார். யார்க்டவுனிலும் அரக்கெரேயிலும் எது இல்லாமல் போனதோ அதை முதலில் சேர்த்துக்கொண்டுதான் போயிருக்கிறார்.

சரி, ஓட்டைக்கு வருகிறேன்.

சின்ன மூன்றும் சுலபம். பெரியதை அடைக்க அதே தடிமனில் பழைய தாள் வேண்டும். பழைய கணக்குப் புத்தகங்களின் எழுதாத முன் தாள்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன், அதில் ஒன்று பொருந்தியது. கீழிருந்து விளக்கு எரியும் கண்ணாடி மேல் படத்தை வைத்து, மேலே தெளிந்த பிளாஸ்டிக், அதற்கு மேல் புதுத் துண்டு. ஓட்டையின் விளிம்பு நெடுக ஊசியால் குத்திக் குத்தி, ஈரத் தூரிகை ஓட்டிக் கையால் பிய்த்தால் ஓரம் நார் நாராக வரும். அந்த நார் பழைய தாளின் நாரோடு கோத்துக்கொள்ளும். கத்தரியால் வெட்டினால் கோடு தெரியும். பின்பக்கம் மெல்லிய ஜப்பானிய டிஷ்யூ. நிறத்துக்குத் தேநீர் தேய்க்கக் கூடாது, அதிலும் அமிலம். ஒட்டுவதற்கு முன்பே நீர்வண்ணத்தில் துண்டைச் சாயமேற்றினேன், பக்கத்துத் தாளைவிட ஒரு நூல் வெளிறலாக.

அதைப் பார்த்ததும் சார் கேட்டார், "அந்தப் பாதத்தை வரைஞ்சுட முடியாதா தம்பி? உனக்குக் கை இருக்கே."

வரைய முடியும். புள்ளி வைத்தால் வெளியே நிற்பவருக்குத் தெரியாது. எனக்கும் ஆசை இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். காரன்வாலிஸின் பூட்ஸ் பளபளவென்று இருக்க, அந்தக் குழந்தை மட்டும் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் நிற்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. ஆனால் எந்தக் கால் முன்னால் இருந்தது? செருப்பா, வெறுங்காலா? தலைப்பே வெட்டுப்பட்ட படம், இதே தகட்டின் இன்னொரு பிரதி எங்களுக்குக் கிடைக்கவில்லை. சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் தாமஸ் பேங்க்ஸ் செதுக்கிய காரன்வாலிஸ் சிலை இருக்கிறது, அதன் பீடத்தில் இதே காட்சி என்று சார் சொன்னதால் ஒரு நாள் அதற்காகவே போனேன். அவர் உயிரோடு இருந்தபோதே லண்டனில் செய்து கப்பலில் வந்த சிலை. தேனாம்பேட்டை செனடாப் ரோடு என்ற பெயரே அவருடைய நினைவு மண்டபத்தால் வந்தது. பீடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அங்கே பிள்ளைகள் நிற்கும் விதமே வேறு. லண்டனில் உட்கார்ந்து செதுக்கியவர் தனக்குத் தோன்றியபடி செதுக்கியிருக்கிறார். நானும் எனக்குத் தோன்றியபடி ஒரு பாதம் வைத்தால் அதையும் ஒருவர் நம்புவார்.

அன்று என்ன நடந்தது என்பதற்குக் கூட இருந்தவர்கள் எழுதியது இருக்கிறது. பிள்ளைகள் வெள்ளை மஸ்லின் அங்கி, சிவப்புத் தலைப்பாகை, கழுத்தில் வரிசையாக முத்து மாலை. திப்புவின் தூதர் குலாம் அலி, இன்று காலைவரை இவர்கள் என் எஜமானின் பிள்ளைகள், இனி உங்களைத்தான் தகப்பனாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லி ஒப்படைத்தார். காரன்வாலிஸ் ஆளுக்கொரு தங்கக் கடிகாரம் கொடுத்தார், அதைப் பார்த்துப் பிள்ளைகள் சந்தோஷப்பட்டார்கள். பாதத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. சார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வேண்டாம், விடு" என்றார்.

பிள்ளைகள் மதராஸில் இரண்டு வருஷம் இருந்து, 1794இல் தகப்பனிடம் திரும்பினார்கள். 1799இல் திப்பு இறந்தபின் அந்தக் குடும்பம் வந்த இடம் எங்கள் வேலூர்க் கோட்டை. 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். கடையிலிருந்து கோட்டைக்குப் பத்து நிமிஷம் நடை. ஒட்டின துண்டு காயும்வரை அன்று சாயங்காலம் அகழி ஓரம் நடந்துவிட்டு வந்தேன்.

காரன்வாலிஸ் அதற்குள் போய்விட்டார். 1798இல் அயர்லாந்துக்குப் போய்க் கலகத்தை அடக்கி, பிரிட்டனோடு அயர்லாந்தை இணைக்கும் சட்டத்தை நிறைவேற்றி, கத்தோலிக்கர்களுக்குச் சொன்ன உரிமையை அரசர் மறுத்ததும் பதவி விலகினார். 1802இல் பிரான்சுடன் ஆமியான் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். 1805 ஜூலையில் அறுபத்தாறு வயதில் மறுபடி கல்கத்தா வந்து, அக்டோபர் 5 அன்று இன்றைய உத்தரப் பிரதேசத்தில் இருக்கும் காசிப்பூரில் இறந்தார். கங்கைக்கரையில் கல்லறை இருக்கிறது.

கட்டும் வேலையில் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. பழைய தேக்குச் சட்டத்தையே துடைத்து மெழுகு போட்டேன். அமிலமில்லாத மவுண்ட் போர்டு. படத்தை மேல் ஓரத்தில் இரண்டு டிஷ்யூ கீல்களில் மட்டும் தொங்கவிட்டேன், ஈரத்துக்குத் தாள் விரியவும் சுருங்கவும் இடம் வேண்டும். கண்ணாடி தாளைத் தொடாமல் நடுவில் இடைவெளிப் பட்டை. பின்னால் நான்கு மூலையிலும் கார்க் துண்டு, சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் காற்று ஓட. சாரின் வீட்டில் வெளிச்சுவரில் மாட்ட விடவில்லை. உள்சுவரில் கை வைத்து ஈரம் பார்த்துவிட்டு ஆணி அடித்தேன். அவர் இரண்டடி தள்ளி நின்று பார்த்தார், பிறகு மூக்கு கண்ணாடியில் படும் அளவுக்குக் கிட்டப் போய் விரலால் காட்டினார். "இதோ இங்க ஆரம்பிக்குது." அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பின்பலகைக்குள் ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன், அடுத்துத் திறப்பவருக்காக: நடுவில் சின்னப் பையனின் கீழே உள்ள துண்டு புதியது, படத்தோடு சேர்ந்ததல்ல. வலது கீழ்ப் பின்புறம் நகக்கண் அளவு தாள் எழும்பியிருக்கிறது, அது என்னால் ஆனது. பசை கோதுமை மாவுச்சத்து, துத்தம் இல்லை, தண்ணீர் தொட்டால் கழன்று வரும். முழுப் பிரதி கிடைத்தால் துண்டை எடுத்துவிட்டுச் சரியானதை வைக்கவும்.